வண்டி நின்றால் சூடேறுகிறதா, ஓடினால் சூடேறுகிறதா?

கன்னியாகுமரி மாவட்டத்தில் குளச்சல் கடற்கரைப் பக்கத்திலிருந்து கைமாறி வந்த பழைய பெட்ரோல் கார் எங்களுடையது. வாங்கின புதிதில் ஒரு தொல்லையும் இல்லை. அப்புறம் ஒரு வெயில் நாளில் மார்த்தாண்டம் மேம்பாலத்துக்குக் கீழே சந்தை நெரிசலில் ஊர்ந்துகொண்டிருந்தபோது, வெப்ப முள் நடுவைத் தாண்டி மேலே போவதை மனைவிதான் முதலில் பார்த்தாள். குழித்துறைப் பாலம் தாண்டி ரோடு காலியானதும் முள் தானாக இறங்கிவிட்டது. அடுத்த வாரம் நாகர்கோவில் வடசேரியில் அதே கதை.

வொர்க்‌ஷாப்களில் கேட்டால் ஆளுக்கொரு பதில். ஒருவர், "தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிஞ்சிரலாம், நம்ம ஊர் சூட்டுக்கு அது வேண்டாம்" என்றார். என்ஜின் சூடாகும் வரை ரேடியேட்டருக்குத் தண்ணீரை விடாமல் தடுக்கும் வால்வு அது. இன்னொருவர் ரேடியேட்டரை மாற்றச் சொன்னார். மற்றொருவர் பானட்டைக் கூடத் திறக்காமல், "ஹெட் கேஸ்கட் போயிருக்கும், இறக்கிப் பாக்கணும்" என்றார். ஹெட் என்கிற என்ஜினின் மேல்பாகத்துக்கும் அடியிலுள்ள பிளாக்குக்கும் நடுவே கசிவைத் தடுக்கும் தகடுதான் ஹெட் கேஸ்கட். மூன்றும் நடக்கக்கூடிய காரணங்கள்தான், அதில் சந்தேகமில்லை. ஆனால் முள் எந்த நேரத்தில் ஏறுகிறது என்று அவர்களில் யாரும் கேட்கவில்லை.

அதைக் கேட்டவர் என் தாய்மாமா. அரசு பஸ்ஸில் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர், மலையோர ரூட்டுகளில் ஓட்டிப் பழகியவர். நான் விவரம் சொல்லி முடிக்கும் முன்பே, "மக்ளே, ஹீட் ஏறுது ஹீட் ஏறுதுன்னு சொல்லுதியே, எங்க வச்சு ஏறுது? நிண்ணா ஏறுதா, ஓடுனா ஏறுதா? அதாக்கும் காரியம்" என்றார். வீட்டில் நின்று செய்யக்கூடிய சோதனை எல்லாமே இந்தக் கேள்வியிலிருந்துதான் கிளம்புகின்றன.

என்ஜினுக்குள் எரியும் பெட்ரோலின் சூட்டில் ஒரு பங்கைக் கூலன்ட் என்கிற குளிர்விக்கும் திரவம் வாங்கிக்கொள்கிறது. வாட்டர் பம்ப் அதைச் சுழற்றுகிறது. ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களுக்குள் அது போகும்போது வெளிக்காற்று சூட்டைக் கொண்டுபோகிறது. வண்டி ஓடும்போது காற்று சும்மா கிடைக்கும். நிற்கும்போது ஃபேன்தான் அதை இழுக்க வேண்டும். ஆக, நெரிசலில் ஏறி, ரோடு காலியானதும் இறங்கினால் சந்தேகம் முதலில் ஃபேன் மேல். வேகமாக ஓடும்போதோ ஆள் நிறைய ஏற்றிக்கொண்டு மேடேறும்போதோ ஏறினால், கூலன்ட் போதுமான அளவு ஓடவில்லை, அல்லது ரேடியேட்டர் உள்ளேயோ வெளியேயோ அடைத்திருக்கிறது. ஸ்டார்ட் செய்து கொஞ்ச நேரத்திலேயே, எங்கும் போகாமலே ஏறினால் கூலன்ட் குறைவு, மூடியே கிடக்கும் தெர்மோஸ்டாட், ஹெட் கேஸ்கட் என்று யோசிக்கலாம். இதற்கு விதிவிலக்குகள் உண்டு. இருந்தாலும் சாமானை மாற்றக் காசைக் கொடுக்கும் முன் இந்தப் பிரிவு கையில் இருக்க வேண்டும்.

இதைச் சோதிக்க நம் மாவட்டம் போல வசதியான இடம் கிடைக்காது. சாயங்காலம் வடசேரியிலிருந்து கோட்டார் வரை போய் வந்தால் நின்று நின்று ஊர்கிற சோதனை முடிந்துவிடும். தோவாளை, ஆரல்வாய்மொழி, முப்பந்தல் வழியாகப் போனால் ஒரே வேகத்தில் ஓடுகிற சோதனை. மேட்டுக்குக் கீரிப்பாறை ரோடு. ஆரல்வாய்மொழிச் சோதனையில் மட்டும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. ஆடி மாதக் காற்று கணவாய் வழியாக மேற்கிலிருந்து கிழக்கே அடிக்கும். முப்பந்தல் நோக்கிப் போகும்போது அது நம் முதுகில் அடிப்பதால், வண்டி 80-ல் போனாலும் ரேடியேட்டருக்கு அந்த அளவு காற்று கிடைக்காது. திரும்பி வரும்போது எதிர்க்காற்று. போகும்போது இரண்டு மூன்று டிகிரி கூடுதலாகக் காட்டினால் அதற்காகப் பயப்பட வேண்டாம்.

டிகிரி எப்படித் தெரியும் என்றால், டாஷ்போர்டு முள்ளை நம்பாமல் ஓபிடி ரீடர் ஒன்று வாங்கினேன். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் புளூடூத் வகைதான். ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள சாக்கெட்டில் செருகிப் போனில் பார்த்தால் கூலன்டின் வெப்பம் எண்ணாகவே தெரியும். 2013-க்குப் பிறகு வந்த பெரும்பாலான கார்களில் இது வேலை செய்யும். டாஷ்போர்டு முள் பல கார்களில் 80-க்கும் 100-க்கும் நடுவே அசையாமல் நடுக்கோட்டிலேயே நிற்கும்படி அமைத்திருப்பார்கள். அது நகரத் தொடங்கும்போது சூடு ஏற்கெனவே நன்றாக ஏறியிருக்கும். சில சின்னக் கார்களில் முள்ளே கிடையாது, குளிர்ந்திருந்தால் நீல விளக்கு, கொதித்தால் சிவப்பு விளக்கு, அவ்வளவுதான். அந்த வண்டிக்காரர்களுக்கு இந்த ரீடர் இன்னும் அவசியம். அப்புறம் ஒரு எச்சரிக்கை: கூலன்ட் முழுக்க ஒழுகிப் போயிருந்தால் சென்சார் வெறும் காற்றில் நிற்கும். அப்போது என்ஜின் வெந்துகொண்டிருந்தாலும் முள் குறைவாகக் காட்டலாம். அதனால் எந்தச் சோதனைக்கும் முன்னால் கூலன்ட் அளவைத்தான் பார்க்க வேண்டும்.

அதைப் பார்ப்பது காலையில், என்ஜின் பச்சையாக, அதாவது நன்றாகக் குளிர்ந்து, இருக்கும்போது மட்டும். சாதாரணத் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். சரிபாதி கூலன்ட் கலந்தால் 107 அளவுக்குப் போகும். அதன் மேல் 1 பார் அழுத்தம் தாங்கும் ரேடியேட்டர் மூடியும் சேர்ந்தால் 120-ஐத் தாண்டினாலும் கொதிக்காமல் இருக்கும். சூடான வண்டியில் மூடியைத் திறந்தால் அந்த அழுத்தம் ஒரே நொடியில் போய்விடும். உள்ளே இருப்பது அத்தனையும் கொதித்து முகத்தில் அடிக்கும். துணி போட்டுத் திறந்தாலும் ஆபத்துதான். என்ஜினிலிருந்து ரேடியேட்டரின் மேல்பக்கம் போகும் ரப்பர் குழாயான மேல் ஹோஸை அமுக்கிப் பார்த்து, கல்லாக இருந்தால் கையை எடுத்துவிட வேண்டியதுதான்.

எங்கள் வண்டியில் அளவு சற்றே குறைந்திருந்தது, நிறமோ துருவின் நிறம். பழைய சொந்தக்காரர் கிணற்றுத் தண்ணீர் ஊற்றியிருக்கிறார். இந்தப் பழக்கம் நம்மிடம் நிறைய. வீட்டுக்கு வீடு கிணறு, வாளி பக்கத்திலேயே, அப்புறம் எதற்குக் காசு கொடுத்து வாங்குவானேன் என்ற எண்ணம். கடலோரக் கிணறுகளில் உப்பு. மற்ற இடங்களில் சுண்ணாம்பு. அவை சூட்டில் குழாய்க்குள் படியும். "எங்க கிணத்து வெள்ளம் நல்ல வெள்ளமாக்கும்" என்று குலசேகரம் பக்கத்துச் சொந்தக்காரர்கள் சொல்வார்கள். குடிக்க அருமையான தண்ணீர்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் துருப்பிடிக்காமல் தடுக்கும் மருந்து கூலன்டில்தான் இருக்கிறது. எவ்வளவு நல்ல தண்ணீரானாலும் அது இல்லாவிட்டால் இரும்பையும் அலுமினியத்தையும் தின்னும். அவசரத்துக்கு ஊற்றலாம், தப்பில்லை. வீடு வந்து சேர்ந்ததும் அதை வடித்துவிட்டு டிஸ்டில்டு வாட்டரில் கலந்த கூலன்ட் ஊற்றிவிட வேண்டும்.

சரி, ஃபேனுக்கு வருகிறேன். எங்கள் வண்டி நின்றால்தான் ஏறியது, முப்பந்தல் வரை ஓடியபோது 90-ஐ ஒட்டியே இருந்தது. ஆக ஃபேன். ஆனால் வொர்க்‌ஷாப்பில், "ஃபேன் நல்லா ஓடுதே" என்று காட்டினார்கள். ஓடியதும் உண்மைதான், காது அடைக்கிற சத்தத்துடன். அந்தச் சத்தத்தில்தான் துப்பு இருந்தது. பல கார்களில் ஃபேனுக்கு இரண்டு வேகம் உண்டு. ஏசி போட்டாலோ சூடு நூறை நெருங்கினாலோ மெதுவான வேகத்தில் கிளம்பும். அதுவும் போதாமல் சூடு இன்னும் ஏறினால் முழு வேகம். மெதுவான வேகத்துக்கு மின்சாரம், அதைக் குறைத்து அனுப்பும் ரெசிஸ்டர் ஒன்றின் வழியாக வருகிறது, முழு வேகத்துக்கு அது தேவையில்லை. ரெசிஸ்டர் எரிந்துபோனால் முதல் வேகம் கிடைக்காது, சூடு எல்லை மீறின பிறகு இரண்டாவது வேகம் மட்டும் கூப்பாடு போட்டுக்கொண்டு வரும். பார்க்கிறவருக்கு ஃபேன் ஓடுகிற மாதிரிதான் தெரியும்.

வீட்டில் இதைப் பார்த்த விதம் எளிது. காலையில் என்ஜினை ஸ்டார்ட் செய்து ஏசியைக் கடைசிக் குளிரில் வைத்தோம். கம்ப்ரஸர் சேர்கிற 'டக்' சத்தம் கேட்டது, ஃபேன் அசையவில்லை. ஃபியூஸ் நன்றாக இருந்தது. அடுத்து, மின்சாரத்தைச் சேர்த்துத் துண்டிக்கும் சுவிட்சான ரிலே. ஃபேன் ரிலேயும் ஹாரன் ரிலேயும் ஒரே எண் போட்டவையாக இருந்தால் இடம் மாற்றிப் பார்க்கலாம். மாற்றியும் பலன் இல்லை, ஹாரன் மட்டும் வழக்கம்போல அடித்தது. அப்புறம் என்ஜினை அணைத்து, ஃபேன் மோட்டாரின் கனெக்டரைக் கழற்றி, நடுவே ஃபியூஸ் வைத்த ஒயரால் பேட்டரியிலிருந்து நேராகக் கொடுத்ததும் மோட்டார் சுற்றியது. மோட்டார் பழுதில்லை. மிச்சம் ரெசிஸ்டர்தான். மல்டிமீட்டரில் வைத்தால் தொடர்பே இல்லை, கனெக்டரில் பச்சைக் களிம்பு. கடற்கரைக் காற்றில் நின்ற வண்டி அல்லவா. ரெசிஸ்டரை மாற்றி, கனெக்டரைச் சுத்தம் செய்து போட்ட அன்றே கோட்டார் நெரிசலில் எண் நூறைத் தாண்டவில்லை. மொத்தச் செலவு ஒரு ரேடியேட்டர் விலையின் அருகில்கூட வரவில்லை.

பானட்டுக்குள் கையை விடுகிறவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. என்ஜின் அணைந்திருந்தாலும் சூடு இருந்தால் ஃபேன் திடீரென்று கிளம்பலாம். வேட்டி, துப்பட்டா, தொங்கும் செயின் எதுவும் அதன் பக்கத்தில் வேண்டாம். கையை வைக்கும் முன் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிடுவது நல்லது.

வேலை முடிந்தது என்று நினைத்து, குடும்பத்தோடு கீரிப்பாறை வழியாகக் காளிகேசம் கிளம்பினோம். ஐந்து பேர், சாப்பாட்டுப் பாத்திரங்கள், ஏசி, இரண்டாம் கியர். ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே மேடேறும்போது போனில் எண் 100, 103, 106 என்று போனது. ஏசியை அணைத்துக் கண்ணாடியை இறக்கியதும் மெல்ல இறங்கியது. மாமாவின் கேள்விக்கு இப்போது பதில் 'ஓடினால்'. அதாவது இரண்டாவதாக ஒரு கோளாறு முதல் கோளாறுக்குப் பின்னால் ஒளிந்திருந்தது. பழைய வண்டிகளில் இது சகஜம். ஒன்றைச் சரிசெய்த பிறகு மறுபடி ஓட்டிப் பார்க்காமல் வேலை முடிந்ததாகச் சொல்ல முடியாது.

இந்தக் கட்டத்தில்தான் எல்லோரையும் பயமுறுத்தும் ஹெட் கேஸ்கட் பேச்சு வரும். செலவு பெரியது என்பதால் அதை வீட்டில் சோதித்துவிட்டுப் பேசுவதே நல்லது. இரவு முழுக்கக் குளிர்ந்த வண்டியில் மூடியைத் திறந்து வைத்து ஸ்டார்ட் செய்து வாயைப் பார்க்க வேண்டும். முதலில் நாலு குமிழி வரும், அது உள்ளே தங்கிய காற்று. என்ஜின் ஓட ஓடக் குமிழி நிற்காமல் வந்துகொண்டே இருந்தால், எரிந்த வாயு கூலன்டுக்குள் கசிகிறது என்று அர்த்தம். அடுத்த சோதனை, மூடியைப் போட்டுப் பச்சை என்ஜினை ஸ்டார்ட் செய்து மேல் ஹோஸைப் பிடித்துப் பார்ப்பது. தண்ணீர் சூடாகும் முன்பே ஹோஸ் விறைத்தால் அந்த அழுத்தம் சிலிண்டரிலிருந்துதான் வர வேண்டும். ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக் கம்பியில் ஆயில் பால் கலந்த நிறத்தில் இருந்தாலும் சந்தேகம் உறுதியாகும். ஆனால் ஆயில் ஊற்றும் மூடியின் அடியில் மட்டும் வெள்ளையாக ஆடை படிந்திருந்தால் உடனே கலங்க வேண்டாம். நமக்கு வருஷத்தில் இரண்டு மழைக்காலம். கடைக்கும் பள்ளிக்கும் மட்டும் ஓடும் வண்டியில் ஈரம் ஆவியாகிப் போக நேரம் கிடைக்காமல் அங்கே படிவது உண்டு. மழைக்காலக் காலையில் சைலன்சரில் வெள்ளைப் புகை வருவதும் அப்படித்தான், சூடான பின்னும் நிற்காமல் வந்து, இனிப்பு வாடையும் அடித்தால்தான் விஷயம். இதற்கு மேலும் உறுதி வேண்டுமென்றால், கூலன்ட் ஆவியை நீல நிற மருந்துக்குள் இழுத்துப் பார்க்கும் கருவி சில வொர்க்‌ஷாப்களில் உண்டு. எரிந்த வாயு கலந்திருந்தால் நீலம் மஞ்சளாக மாறும். ஹெட்டை இறக்கலாம் என்று சொல்கிறவரிடம் முதலில் இதைச் செய்யச் சொல்லிக் கேட்கலாம், கோபித்துக்கொண்டால் வேறு இடம் பார்க்கலாம்.

எங்கள் வண்டியில் இவை எதுவும் இல்லை. தெர்மோஸ்டாட்டும் சரியாகவே வேலை செய்தது: ஸ்டார்ட் செய்து கொஞ்ச நேரம் கீழ் ஹோஸ் குளிர்ந்தே இருந்து, 80-களைத் தாண்டியதும் அதிலும் சூடு வந்தது. முள் ஏறிக்கொண்டே போய்க் கீழ் ஹோஸ் கடைசி வரை குளிர்ந்தே கிடந்தால் தெர்மோஸ்டாட் மூடிக் கிடக்கிறது, அல்லது ஓட்டமே நின்றிருக்கிறது. கழற்றிய தெர்மோஸ்டாட்டைப் பழைய அலுமினியச் சட்டியில் தண்ணீர் கொதிக்க வைத்து, நூலில் கட்டித் தொங்கவிட்டுச் சோதிக்கலாம். அதில் 82 என்றோ 88 என்றோ பொறித்திருக்கும், அந்தச் சூட்டில் வாய் திறக்க ஆரம்பிக்க வேண்டும். கழற்றி எறிகிற வைத்தியம் மட்டும் எனக்கு ஒப்பவில்லை. அளவுக்கு மீறிச் சூடான என்ஜினில் நல்ல தெர்மோஸ்டாட் எப்படியும் முழுக்கத் திறந்துதான் இருக்கும், அதை எடுப்பதால் ஊர்ச் சூட்டுக்கு என்ன லாபம்? அது இல்லாமல் ஓடும் என்ஜின் சூடாக நேரம் எடுக்கும், பெட்ரோல் கூடுதலாகக் குடிக்கும். சில என்ஜின்களில் பைபாஸ் வழியை அடைப்பதும் அதே தெர்மோஸ்டாட்தான். எடுத்துவிட்டால் சுடுதண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டர் பக்கமே போகாமல் சுற்றும், சூடு இன்னும் கூடும்.

வாட்டர் பம்பிலும் கசிவுத் தடம் இல்லை, பெல்ட் இறுக்கமாக இருந்தது. ராத்திரி வண்டிக்கு அடியில் விரித்த அட்டையும் காலையில் காய்ந்தே கிடந்தது. ஏசியிலிருந்து சொட்டுவது வெறும் தண்ணீர், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். கூலன்ட் என்றால் நிறமும் வழுவழுப்பும் இருக்கும்.

மூடியில் ஒரு சின்னக் குறை இருந்தது. கூலன்ட் சூட்டில் விரிந்து பக்கத்து டேங்குக்குப் போய், குளிர்ந்ததும் திரும்ப உறிஞ்சப்பட வேண்டும். டேங்கில் மார்க்கரால் கோடு போட்டுப் பார்த்தால், போனது முழுதாகத் திரும்பவில்லை. மூடியின் ரப்பர் வெடித்திருந்தது. மேல் ஹோஸ் காலையில் உள்வாங்கிச் சப்பிக் கிடந்தாலும் மூடியைத்தான் சந்தேகிக்க வேண்டும். விலை குறைந்த சாமான்தான், அதே பார் அளவு பார்த்து வாங்கி மாற்றினேன்.

கடைசியில் ரேடியேட்டர். முன்னால் நிற்கும் ஏசி கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே விரல் நுழையும் இடைவெளி. டார்ச் அடித்துப் பார்த்தால் தூசி, பூச்சி, ரப்பர் இலைத் துணுக்கு எல்லாம் சேர்ந்து சாக்குத் துணி விரித்தது போல மூடியிருந்தது. முன்பக்கத்திலிருந்து மட்டும் கழுவுகிறவர்களுக்கு இது தெரியவே தெரியாது. ஃபேன் கூட்டைக் கழற்றி, என்ஜின் பக்கத்திலிருந்து வெளிநோக்கி, தோட்டத்துக் குழாயின் சாதாரண வேகத்தில் கழுவினோம். வாட்டர் சர்வீஸ் பிரஷரில் அடித்தால் ரேடியேட்டரின் மெல்லிய உலோக இதழ்கள் மடங்கிக் காற்று வழியை அடைத்துவிடும். கழுவும்போதே கீழ்ப்பக்க இதழ்கள் விரலில் பொடியாக உதிர்ந்தன. உப்புக்காற்று தின்றது. காய்ந்த பின், ஃபேன் கூடு இல்லாமலே கொஞ்ச நேரம் மட்டும் என்ஜினை ஓட்டி தொடாமலே சூட்டைக் காட்டும் ஐஆர் துப்பாக்கியால் அளந்தோம். மற்ற இடமெல்லாம் 80-ஐ ஒட்டி இருக்க, ஒரு கீழ் மூலை மட்டும் 50-களில் நின்றது. அங்கே குழாய்களுக்குள் ஓட்டமே இல்லை, கிணற்றுத் தண்ணீரின் உபயம். பளபளக்கும் உலோகத்தில் இந்தத் துப்பாக்கி தப்பாகக் காட்டும், கறுப்பாக உள்ள இடத்தில் அளக்க வேண்டும். கொரோனா காலத்தில் வாங்கிய நெற்றித் தெர்மாமீட்டர் இதற்கு உதவாது, உடல் சூட்டைத் தாண்டினால் 'ஹை' என்று காட்டி நின்றுவிடும்.

இப்படிப் பார்த்தால் ரேடியேட்டரை மாற்றச் சொன்னவர் பாதி சரி. ஆனால் முதலில் அதை மாற்றியிருந்தால் புது ரேடியேட்டரோடு வடசேரியில் முள் மறுபடி ஏறியிருக்கும். அந்த வேலையை வொர்க்‌ஷாப்பிலேயே கொடுத்தேன். ஏசி கண்டென்சரை அசைக்க வேண்டியிருந்தது, கேஸ் குழாயில் கை வைப்பது வீட்டு வேலை இல்லை. இந்த முறை அளவுகளைத் தாளில் எழுதிக் கொண்டுபோனதால் பேச்சு சுருக்கமாக முடிந்தது.

கூலன்ட் நிரப்பியது வீட்டில்தான். வாசல் சரிவில் மூக்கு மேலே பார்க்க வண்டியை நிறுத்தி, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, மூடி இல்லாமல் ஓடவிட்டால் உள்ளே தங்கிய காற்று குமிழியாக வெளியேறும். மேல் ஹோஸை இடையிடையே அமுக்கிவிட்டால் சீக்கிரம் போகும். ஃபேன் கிளம்பி நின்றதும் அளவு பார்த்து மூடினோம். மறுநாள் காலையில் கொஞ்சம் இறங்கியிருந்தது, ஊற்றி நிரப்பினேன். இந்தக் காற்றைப் போக்காமல் விட்டால் புதுச் சாமான் போட்ட வண்டியும் சூடேறும், அப்புறம் மறுபடி ஹெட் கேஸ்கட் பேச்சு தொடங்கும்.

ரோட்டில் வைத்து முள் ஏறினால் ஏசியை அணைத்து, ஹீட்டரை முழுச் சூட்டில் போட்டு, கண்ணாடியை இறக்கிவிட வேண்டும். வியர்த்துக் கொட்டும், ஆனால் ஹீட்டரும் ஒரு குட்டி ரேடியேட்டர்தான். அதற்கும் இறங்காவிட்டாலோ சிவப்பு விளக்கு வந்தாலோ ஓரம் கட்டி அணைத்துவிட வேண்டும், 'வீடு பக்கம்தானே' என்று ஓட்டினால் அலுமினிய ஹெட் வளைந்துவிடும். அரை மணி நேரமாவது ஆறவிட வேண்டும். கொதிக்கிற என்ஜினில் பச்சைத் தண்ணீரை ஊற்றினால் ஹெட்டோ பிளாக்கோ விரிசல் விடலாம்.

வடித்த பழைய கூலன்டை ஓடையிலோ தென்னை மூட்டிலோ கொட்ட வேண்டாம். இனிப்பாக இருப்பதால் நாயும் பூனையும் நக்கும், அது கொடிய விஷம். நான் மூடி போட்ட கேனில் அடைத்து, கழிவு ஆயிலைச் சேர்த்து வைக்கும் வொர்க்‌ஷாப்பில் கொண்டுபோய்க் கொடுத்தேன். தரையில் சிந்தியதை மணல் போட்டு அள்ளிவிட்டு நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவும் வரை, பக்கத்து வீட்டு நாயைக் கட்டிப்போடச் சொல்லியிருந்தோம்.